இராமநாதபுரமா, இராமேஸ்வரமா, கீழக்கரையா, மண்டபமா? ஊர் திரும்ப நினைக்கும் இளைஞர்களுக்கு ஓர் ஒப்பீடு

சென்னையிலோ பெங்களூரிலோ சில வருடம் வேலை பார்த்துவிட்டு, "வீட்டிலிருந்தே வேலை செய்யலாம்னு கம்பெனியில சொல்லிட்டாங்க, ஊர்ப்பக்கம் வந்துடலாமா?" என்று கேட்பவர்கள் ஒரு பக்கம். வளைகுடாவில் ஒப்பந்தம் முடிந்து திரும்பி, இனி இங்கேயே ஏதாவது செய்து பிழைக்கலாம் என்று யோசிப்பவர்கள் இன்னொரு பக்கம். நர்சிங் முடித்த, பி.எட். முடித்த, கல்யாணத்துக்கு முன்பு நாலு வருடமாவது சொந்தச் சம்பளத்தில் நிற்க வேண்டும் என்று நினைக்கும் பெண்கள் மூன்றாவது பக்கம். எல்லோரும் வந்து நிற்கும் கேள்வி ஒன்றுதான்: இந்தக் கடற்கரையில் எந்த ஊரில் வீடு பார்ப்பது?

பெரும்பாலும் இந்த முடிவை மாமா வீடோ சித்தப்பா வீடோ எடுத்துவிடுகிறது. சொந்தம் இருக்கும் ஊரில் போய் இறங்கிவிடுகிறோம். இல்லையென்றால் அரியமான் கடற்கரையில் எடுத்த ஒரு போட்டோ எடுத்துவிடுகிறது. இரண்டையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு வருடத்துக்குள் மறுபடி பெட்டி கட்டிக்கொண்டு சென்னைக்குப் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். கடல் பிடிக்காமல் போனேன் என்று யாரும் சொல்வதில்லை. இருந்த ஒரு வேலை போனது, அடுத்ததற்கு வழியில்லை, அதனால் போனேன் என்றுதான் சொல்வார்கள்.

## எதை வைத்து எடை போடுவது

என் கணக்கில் முதல் அளவுகோல் இரண்டாவது வேலை. இப்போது கையில் இருக்கும் வேலை எல்லோருக்கும் தெரியும். அது போனால், வீட்டை மாற்றாமல், பஸ்ஸிலோ ரயிலிலோ பைக்கிலோ போய்வரும் தூரத்தில் இன்னொன்று கிடைக்குமா? தம்பதியாக வருகிறவர்களுக்கு இது இன்னும் கூர்மையான கேள்வி. ஒருவருக்கு வேலை இருந்து மற்றவர் சும்மா இருக்க நேர்ந்தால், ஆறு மாதத்தில் அந்த வீட்டில் ஊரைப் பற்றிய சண்டை தொடங்கும். சும்மா இருக்க நேர்பவர் பெரும்பாலும் மனைவியாகத்தான் இருக்கிறார்.

இரண்டாவது, வாடகை வீடு. வாடகைத் தொகையைவிட, வீடு கொடுப்பார்களா என்பதுதான் இங்கே பெரிய விஷயம். "பேச்சிலருக்குக் கிடையாது", "தனியா பொம்பளப் பிள்ளைக்கா?", "நீங்க எந்த ஆளுக?" என்ற மூன்று கேள்விகளைத் தாண்டாமல் இந்தக் கடற்கரையில் சாவி கைக்கு வராது. இதைச் சொல்வதில் எனக்குப் பெருமை இல்லை. படித்து, சம்பாதித்து, ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று திரும்பி வரும் பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்தி சாதி கேட்கிற ஊர், இளைஞர்கள் தங்கவில்லையே என்று பிறகு வருத்தப்படக் கூடாது.

மூன்றாவது, தண்ணீர். நான்காவது, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வீடு திரும்ப வண்டி. ஐந்தாவது, சாயங்காலம் போய் உட்கார ஓர் இடம், குறிப்பாகப் பெண்களுக்கு. டீக்கடை பெஞ்சு ஆண்களுக்கு எல்லா ஊரிலும் இருக்கிறது. பெண்கள் இரண்டு பேர் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருக்க எங்கே போவார்கள் என்று கேட்டுக்கொண்டு ஊரைச் சுற்றிப் பாருங்கள், வேறு ஊர் மாதிரித் தெரியும். மருத்துவமனையையும் சேர்த்துக்கொள்ளலாம். இருபத்தைந்து வயதில் அது பெரிதாகத் தெரியாது. கர்ப்பம் என்று வரும்போதும், அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று வரும்போதும் தெரியும்.

இணையத்தை நான் தனியாக எடை போடவில்லை. நான்கு ஊரிலும் ஃபைபர் இணைப்பு தரும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் ஊரில் ஃபைபர் இருப்பதும் உங்கள் தெருவில் இருப்பதும் வேறு வேறு. வீடு பார்க்கும்போதே பக்கத்து வீட்டில் கேட்டுவிடுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்சாரத்தை நிறுத்தும் நாள் எல்லா ஊருக்கும் உண்டு. அன்று இன்வெர்ட்டரை நம்பி மீட்டிங் வைக்காதீர்கள்.

## இராமநாதபுரம் நகரம்

பெயரில் கடற்கரை மாவட்டத்தின் தலைநகர். ஆனால் ஊருக்குள் கடல் இல்லை. தேவிபட்டினமோ கீழக்கரையோ போனால்தான் அலையைப் பார்க்கலாம். இந்த ஒரு குறைக்காகவே பலர் இதை ஒதுக்கிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டிய ஊர் இதுதான்.

காரணம், மேலே சொன்ன இரண்டாவது வேலை. கலெக்டர் அலுவலகம், நீதிமன்றங்கள், வங்கிக் கிளைகள், தனியார் மருத்துவமனைகள், பள்ளிகள், ஜவுளிக் கடைகள், வாகன ஷோரூம்கள் எல்லாம் ஒரே ஊரில் இருக்கின்றன. 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்த பிறகு மருத்துவமனையைச் சுற்றி ஸ்கேன் சென்டர், லேப், மருந்துக்கடை என்று நர்சிங், பார்மசி, லேப் டெக்னீசியன் படித்தவர்களுக்கான இடங்களும் கூடின. ஓர் இடத்தில் மனம் ஒத்துப்போகவில்லை என்றால் இரண்டு தெரு தள்ளி இன்னொரு இடத்தில் கேட்கலாம். சம்பளம் மதுரை அளவுக்கு வராது. ஆனால் கேட்டுப் பார்க்க இன்னொரு கதவு இருக்கிறது என்பதே ஒரு தைரியம். முதலாளி மரியாதை இல்லாமல் பேசினால் வேலையை விட்டுவிட்டு வர அந்தத் தைரியம் வேண்டும்.

படிக்கிறவர்களுக்கும் இதுதான் இடம். சேதுபதி அரசு கலைக்கல்லூரி இங்கே. டி.என்.பி.எஸ்.சி.க்குத் தயாராகிறவர்களுக்கு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டம் இலவசம், மாவட்ட மைய நூலகம் நடந்து போகும் தூரம். இராமேஸ்வரத்தில் 1931இல் பிறந்த அப்துல் கலாமே உயர்நிலைப் பள்ளிக்கு இங்கே ஸ்வார்ட்ஸ் பள்ளிக்குத்தான் வந்தார். தீவிலிருந்து படிப்புக்கு இந்த ஊருக்கு வருவது அன்றைக்கும் வழக்கம், இன்றைக்கும் வழக்கம்.

வாடகை வீடு தேடுகிறவர்களுக்கு அரண்மனையைச் சுற்றிய பழைய தெருக்களைவிட, கலெக்டர் அலுவலகம் இருக்கும் பட்டணம்காத்தான், பாரதி நகர்ப் பக்கம் எளிது. வெளியூர் அரசு ஊழியர்கள் மாற்றலில் வந்து போகும் பகுதி என்பதால் புதுமுகத்தைப் பார்த்து அவ்வளவாக மிரள மாட்டார்கள். தனியாக வேலைக்கு வரும் பெண்களுக்கும், மேலே சொன்ன மூன்று கேள்விகள் இங்கேதான் கொஞ்சம் மெதுவாகக் கேட்கப்படும். கேட்கவே மாட்டார்கள் என்று சொல்ல முடியாது.

போக்குவரத்தில் இந்த ஊரை மற்றவை தொட முடியாது. இராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்குப் போகும் பஸ் எல்லாம் இங்கே வந்துதான் போகிறது. சென்னைக்கு சேது எக்ஸ்பிரஸும், எங்கள் வீடுகளில் இன்னமும் 'போட் மெயில்' என்றே சொல்லும் ரயிலும் நிற்கின்றன. பரமக்குடியிலிருந்து இங்கே வரையான சாலையை நான்கு வழியாக்க 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அது முடிந்தால் மதுரை இன்னும் பக்கத்தில் வந்துவிடும்.

குறை என்ன? வெயில். கடற்காற்று இல்லாத சித்திரை மதியம் இந்த ஊரில் லேசானதல்ல. நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. காவிரி கூட்டுக் குடிநீர் வராத நாளில் குடம் கணக்கில் வாங்க வேண்டும். சாயங்காலம் போக இடம் கேட்டால் அரண்மனைப் பக்கம் ஒரு சுற்று, ஒரு பேக்கரி, ஒரு கோவில், அவ்வளவோடு தீர்ந்துவிடும். பையன்களுக்கு டர்ஃப் மைதானம் வந்துவிட்டது. பெண்களுக்கு அப்படி எதுவும் வரவில்லை.

இன்னொன்றையும் வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இம்மானுவேல் சேகரனின் செப்டம்பர் 11, முத்துராமலிங்கத் தேவரின் அக்டோபர் 30 ஆகிய இரண்டு நினைவு நாட்களை ஒட்டி மாவட்டத்தில் தடை உத்தரவும் வாகனக் கட்டுப்பாடுகளும் வரும். பரமக்குடி வழியாக மதுரை போகும் பயணத்தை அந்த நாட்களில் வைத்துக்கொள்ள வேண்டாம். இது கடற்கரை ஊர்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும், ஏனென்றால் எல்லோருக்கும் மதுரை வழி அதுதான்.

## இராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பன்

தீவில் காசு ஓடுகிறது. அதில் சந்தேகமே வேண்டாம். கோவிலுக்கு வருகிறவர்கள், 22 தீர்த்தங்களில் நீராட வருகிறவர்கள், 2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறந்த பிறகு தனுஷ்கோடியைப் பார்க்க மட்டுமே வருகிறவர்கள் என்று வருடம் முழுக்கக் கூட்டம். லாட்ஜ், ஓட்டல், வாடகை வண்டி, வழிகாட்டி, சங்கு, பாசி வியாபாரம் எல்லாம் இதை நம்பித்தான். இந்தி பேசத் தெரிந்த, வண்டி ஓட்டத் தெரிந்த, போனில் புக்கிங் பார்க்கத் தெரிந்த ஓர் இருபத்து மூன்று வயதுப் பையன் இந்தத் தீவில் பட்டினி கிடக்க மாட்டான். சொந்தமாகச் சின்னத் தொழில் தொடங்க நினைப்பவர்களுக்கு நான்கு ஊரில் இதுதான் வேகமான சந்தை.

கைட் சர்ஃபிங் சொல்லிக்கொடுக்கும் தொழிலும் தீவுக்கு வந்துவிட்டது. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் ஒரு பக்கம், வாடைக் காற்றில் மறுபக்கம் என்று இரண்டு கடலும் மாறி மாறிக் கைகொடுக்கின்றன. கடலோடு வளர்ந்த பையன்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் மீன்பிடிக்கு வெளியே கடல் சார்ந்த ஒரு சம்பளம் கிடைப்பது சின்ன விஷயம் இல்லை. தங்கச்சிமடம், அக்காள்மடம் பக்கம் மல்லிகை நாற்று போட்டு வெளி மாநிலங்களுக்கு அனுப்புகிற குடும்பங்களைப் பார்த்தால், மணல் பூமியிலும் வருமானம் உண்டு என்பது புரியும்.

ஆனால் இந்த வேலைகள் எல்லாம் ஒரே மரத்தின் கிளைகள். யாத்ரீகர் வராவிட்டால் ஒன்றும் இல்லை. கொரோனா காலத்தில் கோவில் நடை சாத்தப்பட்டபோது லாட்ஜும் ஆட்டோவும் சங்குக் கடையும் ஒரே நாளில் நின்றன. மீன்பிடித் தொழிலும் அப்படித்தான்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், அதைத் தாண்டினால் இலங்கைக் கடற்படையின் கைது, படகு பறிமுதல் என்று நிம்மதியில்லாத பிழைப்பு. கடலுக்குப் போன அண்ணன் எப்போது திரும்புவான் என்று தெரியாமல் பெண்கள் துறைமுகத்தில் நிற்கும் ஊரில், தம்பியைப் படிக்க வைத்து வெளியே அனுப்பத்தான் அம்மா நினைப்பாள். அதில் தப்பே இல்லை.

பாலத்தையும் யோசியுங்கள். 1914இல் கட்டிய பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். புதிய தூக்குப் பாலம் திறந்தது 2025 ஏப்ரல் 6. இடைப்பட்ட இரண்டு வருடத்துக்கும் மேல் தீவில் இருப்பவர்கள் ரயிலேற மண்டபமோ இராமநாதபுரமோ வந்தார்கள். 1988இல் திறந்த சாலைப் பாலம் இல்லாவிட்டால் கதி என்ன? இப்போது ரயில் நன்றாகவே ஓடுகிறது, தாம்பரத்துக்குப் புது ரயிலும் வந்திருக்கிறது. ஆனாலும் புயல் எச்சரிக்கை வந்தாலே, பலத்த காற்று அடித்தாலே தீவுக்காரர்களின் கண் பாலத்தின் மேல் போகும்.

வாடகைக்கு வீடு தேடுகிறவருக்குத் தீவு கஷ்டமான இடம். கோவிலைச் சுற்றி ஓர் அறை இருந்தால் அதை லாட்ஜாக்குவதில்தான் லாபம், மாத வாடகைக்கு ஏன் விடப் போகிறார்கள்? கோவில் பக்கம் சைவம் மட்டும் என்பார்கள். தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் தேடினால் கிடைக்கும். ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகா சிவராத்திரி நாட்களில் சொந்த ஊருக்குள்ளேயே வண்டியை நகர்த்த முடியாது. பெரிய நோய் என்றால் 55 கிலோமீட்டர் தள்ளி இராமநாதபுரம், அங்கிருந்து பெரும்பாலும் மதுரை.

## கீழக்கரை

வள்ளல் சீதக்காதியின் ஊர். இங்கே வாழ்வதை வெளியிலிருந்து வரும் ஒருவர் தேர்ந்தெடுப்பது வேறு, அந்த ஊர்ப் பிள்ளை திரும்பி வருவது வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஊர்க்காரருக்கு இது பலமான இடம். துபாயிலும் சென்னை மண்ணடியிலும் தொழில் செய்யும் உறவுகள், முதல் போட்டுக் கடை வைக்கத் தயங்காத பெரியவர்கள், கணக்கு எழுதக் கற்றுக்கொடுக்கும் மாமாக்கள். இப்படிப்பட்ட கைகள் வேறு ஊரில் சுலபமாகக் கிடைக்காது. வீடு பெண்பிள்ளைக்கு என்று கொடுக்கும் வழக்கம் இருப்பதால், கல்யாணத்துக்குப் பிறகும் பெண் தாய்வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறாள். பிரசவம், பிள்ளை வளர்ப்பு எல்லாவற்றிலும் அம்மா கூடவே இருக்கிறார். வேலைக்குப் போக நினைக்கும் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய துணை என்று பெருநகரத்தில் குழந்தைக் காப்பகத்துக்கு அலைந்தவர்கள் சொல்வார்கள்.

கல்வியிலும் ஊர் முன்னால் நடந்த ஊர். முகமது சதக் பொறியியல் கல்லூரி 1984இலும், தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி 1988இலும் தொடங்கின. பேராசிரியர், ஆய்வக உதவியாளர், அலுவலக ஊழியர் என்று படித்தவர்களுக்கான வேலை உள்ளூரிலேயே கொஞ்சம் இருப்பது இந்தக் கல்லூரிகளால்தான். பெண்களுக்கென்று தனிக் கல்லூரி வந்த பிறகு, பத்தாம் வகுப்போடு நிறுத்தியிருக்கக்கூடிய எத்தனையோ பிள்ளைகள் பட்டம் வாங்கினார்கள்.

வெளியூர்க்காரருக்கு? வீடு கிடைப்பது கடினம். வளைகுடாப் பணத்தில் கட்டிய பெரிய வீடுகள் பூட்டிக் கிடந்தாலும் வாடகைக்கு வராதவை அதிகம். கிடைத்தால் ஒத்திக்குக் கிடைக்கலாம். பழைய தெருக்கள் குறுகல், கார் வைத்திருப்பவருக்குத் தலைவலி. ரயில் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏர்வாடி, சாயல்குடி வழியாகத் தூத்துக்குடிக்கும், 17, 18 கிலோமீட்டரில் இராமநாதபுரத்துக்கும் பஸ் உண்டு. கல்லூரியில் வேலை கிடைத்து வருபவர்கள் பலரும் இராமநாதபுரத்தில் குடியிருந்து போய்வருகிறார்கள். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை, ஊரின் இனிப்பான தொதல் வாங்க மட்டும் தங்கிப் போகலாம்.

ஆண்பிள்ளைகள் இருபது வயதில் விசா எடுப்பதே ஊரின் இயல்பாக இருப்பதால், அந்த வயதில் ஊரிலேயே இருக்கும் பையனுக்கு நண்பர் வட்டம் சுருங்கிவிடும். "இன்னும் போகலையா?" என்ற கேள்வியைத் தினமும் தாங்க வேண்டும். பணம் நிறைய இருந்தும் இளைஞர்கள் குறைவாகத் தெரிகிற ஊர் இது என்பது எனக்கு எப்போதும் வருத்தம் தரும்.

## மண்டபமும் உச்சிப்புளியும்

இதைத்தான் யாரும் முதலில் நினைப்பதில்லை. நினைக்க வேண்டும் என்பது என் வாதம்.

மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டல மையம் இருக்கிறது. கடல்பாசி ஆராய்ச்சிக்கு மத்திய உப்பு மற்றும் கடல்சார் இரசாயன ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறது. கடலோரக் காவல்படை, உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத் தளம், நண்டு பதப்படுத்தும் கூடங்கள், ஐஸ் பிளான்ட் எல்லாம் இந்தச் சின்ன நீளத்துக்குள்தான். விலங்கியல், மீன்வளம், நுண்ணுயிரியல் படித்தவர்களுக்குத் திட்ட உதவியாளர் வேலைக்கு அறிவிப்பு வரும். ஒப்பந்த வேலைதான், நிரந்தரம் இல்லை. ஆனாலும் அந்த அனுபவத்தைக் கொண்டு கொச்சிக்கோ தூத்துக்குடிக்கோ போகலாம்.

சொந்தத் தொழில் என்றால் கடல்பாசி. மூங்கில் மிதவையில் விதைப்பாசியைக் கட்டி விட்டால் 45 நாளில் அறுவடைக்கு வரும் பயிர். பெண்கள் குழுவாகச் செய்து கையில் காசு பார்க்கும் தொழில் இது. பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம் என்று வைத்திருக்கிறார்கள். வாடைக் காற்று மாதங்களில் பாக் நீரிணைப் பக்கம் கடல் கொந்தளித்து மிதவைகளை உடைக்கும், கோடையில் நீர் சூடேறினால் பாசி அழுகும். ஆகவே இதை மட்டும் நம்பி நகரத்து வேலையை விட்டுவிட்டு வராதீர்கள். வீட்டில் ஒரு சம்பளம் இருந்து, மற்றவர் இதைச் செய்தால் தாங்கும்.

வீட்டிலிருந்து கணினி வேலை பார்ப்பவர்களுக்கு உச்சிப்புளியை நான் தயங்காமல் சொல்வேன். இராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் ஏறக்குறைய நடுவில், ரயில் நிலையம் இருக்கும் ஊர், மதுரை–தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலை மேல். தென்னையும் பனையும் சூழ்ந்த தோட்ட வீடு, பக்கத்திலேயே அரியமான், பிரப்பன்வலசைக் கடற்கரைகள். வேலை போனால் இராமநாதபுரத்தில் தேடலாம், வீட்டை மாற்ற வேண்டாம்.

குறை: இரவு. ஒன்பது மணிக்கு மேல் நெடுஞ்சாலையில் பஸ் நிற்கும், ஆனால் அங்கிருந்து உள்ளே இருக்கும் வீட்டுக்கு இருட்டில் நடக்க வேண்டும். சொந்த வண்டி இல்லாமல் இங்கே வாழ முடியாது, பெண்களுக்கு வண்டி ஓட்டத் தெரியாமல் முடியவே முடியாது. ஸ்கூட்டி ஒன்றை வாங்கி உரிமமும் எடுத்துக்கொண்டு பிறகு வீடு பாருங்கள். பேச்சுத் துணைக்கு ஒத்த வயதுக்காரர்கள் குறைவு. படிக்கும் பழக்கம் உள்ள, தனிமையைத் தாங்கும் மனம் உள்ளவர்களுக்குத்தான் இது ஒத்துவரும்.

## தொண்டியும் தேவிபட்டினமும்

இரண்டையும் பற்றிச் சுருக்கமாக. தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை வளாகம் இருக்கிறது. கடல் அறிவியல் படிக்க வருபவர்களுக்கு இரண்டு வருடம் இருக்க நல்ல ஊர். படிப்பு முடிந்ததும் தங்கிவிட வேலை போதாது. காரைக்குடிப் பக்கம் சொந்தம் உள்ளவர்களுக்கு மட்டும் வசதி. தேவிபட்டினத்தை இராமநாதபுரத்தின் கடலோரப் புறநகராகவே எடுத்துக்கொள்ளலாம். நகரத்தில் வேலை, கடலருகே வீடு என்று ஆசைப்பட்டால் கீழக்கரையைவிட இது எளிது.

## ஒரு பார்வையில்

| அளவுகோல் | இராமநாதபுரம் | இராமேஸ்வரம் தீவு | கீழக்கரை | மண்டபம், உச்சிப்புளி |
|---|---|---|---|---|
| இரண்டாவது வேலை | உண்டு | ஒரே தொழிலுக்குள் உண்டு | கல்லூரி, வியாபாரம் | கடல் சார்ந்து கொஞ்சம். நகரம் பக்கம் |
| வாடகை வீடு | எளிது | கோவிலருகே கடினம் | வெளியூர்க்காரருக்குக் கடினம் | கிடைக்கும், தேர்வு குறைவு |
| ரயில் | உண்டு | உண்டு, பாலத்தை நம்பி | இல்லை | உண்டு |
| இரவில் திரும்புவது | பரவாயில்லை | பரவாயில்லை | பஸ் குறையும் | சொந்த வண்டி வேண்டும் |
| பெரிய மருத்துவமனை | ஊரிலேயே | 55 கி.மீ. | அரை மணிக்கு மேல் | முக்கால் மணி வரை |
| கடல் | வண்டியில் போக வேண்டும் | இரண்டு பக்கமும் | வாசலில் | நடக்கும் தூரம் |

## வாடகையில் தெரியாத செலவு

கடலோரத்தில் முதல் எதிரி துரு. பைக்கின் சைலன்சர், ஃபிரிட்ஜின் பின்பக்கம், ஏசியின் அவுட்டோர் யூனிட், ஜன்னல் கம்பி, கேஸ் அடுப்பின் கால் வரைக்கும் உப்புக்காற்று தின்றுவிடும். பாம்பன் பாலத்துக்கே ஓயாமல் பெயின்ட் அடித்துப் பராமரிக்க வேண்டியிருந்தது என்றால் உங்கள் மாடிக் கதவு எம்மாத்திரம்? வீடு பார்க்கும்போது ஜன்னல் யு.பி.வி.சி.யா, இரும்பா என்று பாருங்கள். சென்னையில் வாங்கிய விலை உயர்ந்த லேப்டாப்பைக் கடலைப் பார்த்த ஜன்னலோரம் வைத்து வேலை பார்க்காதீர்கள்.

அடுத்தது தண்ணீர். உப்புத் தண்ணீர் வாஷிங் மெஷினையும் ஹீட்டரையும் சீக்கிரம் கெடுக்கும், தலைமுடி கொட்டும் என்பது எல்லா ஊர்ப் பெண்களின் புகார். குடிக்க ஒரு தண்ணீர், குளிக்க ஒரு தண்ணீர் என்று இரண்டு கணக்கு வைக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை, எத்தனை மணிக்கு என்று வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், அதே தெருவில் தண்ணீர் பிடிக்கும் அக்காவிடம் கேளுங்கள்.

மூன்றாவது, பயணம். மதுரை விமான நிலையம், மதுரை மருத்துவமனை, மதுரை நேர்முகத் தேர்வு என்று மாதம் ஒன்றிரண்டு முறை போக வேண்டியிருக்கும். இராமநாதபுரத்திலிருந்து சுமார் 115 கிலோமீட்டர், இராமேஸ்வரத்திலிருந்து இன்னும் 55. வாடகையில் மிச்சம் பிடித்தது டீசலில் போய்விடக் கூடாது.

மனை வாங்க நினைப்பவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வரும் இடத்தில் பட்டா இருந்தாலும் நினைத்தபடி கட்ட முடியாது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைக் கொண்ட கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா 1986 முதல் இருக்கிறது, அதன் பாதுகாப்பு விதிகளும் உண்டு. "கடலுக்கு நூறடிதான் சார்" என்று புரோக்கர் சொல்வது விளம்பரமில்லை, அபாய அறிவிப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

## யாருக்கு எந்த ஊர்

தனியாக வேலைக்கு வரும் பெண் என்றால் இராமநாதபுரம், பட்டணம்காத்தான் பக்கம். இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை. மருத்துவமனை, பள்ளி, வங்கி வேலைக்கு வரும் யாருக்கும் அதேதான். தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும் அதே.

தம்பதியில் ஒருவருக்கு வீட்டிலிருந்து கணினி வேலை, மற்றவருக்கு ஆசிரியர் அல்லது நர்ஸ் வேலை என்றால் முதல் வருடம் நகரத்தில் இருங்கள். இருவருக்கும் வேலை ஊன்றிய பிறகு, இரண்டு வண்டியும் இருந்தால், உச்சிப்புளிப் பக்கம் போகலாம்.

கையில் கொஞ்சம் முதலும், மக்களோடு பேசிப் பழகும் சாமர்த்தியமும், ஒரு மோசமான வருடத்தைத் தாங்கும் சேமிப்பும் உள்ளவருக்கு இராமேஸ்வரம். சேமிப்பு இல்லாமல் கடன் வாங்கி லாட்ஜை ஒத்திக்கு எடுக்க வேண்டாம். தீவுக்காரரே ஆனாலும் இதையேதான் சொல்வேன்.

கீழக்கரைப் பிள்ளைகளுக்கு: சொந்த வீடும் உறவின் துணையும் இருக்கும்போது வாடகை கொடுத்து வேறு ஊரில் இருக்கத் தேவையில்லை. பெண்களுக்கு இது இன்னும் பொருந்தும். வேலை நகரத்தில், வீடு ஊரில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த ஊரானாலும், முடிவெடுக்கும் முன் ஒரு முறை ஐப்பசி, கார்த்திகை மழையில் போய்த் தங்குங்கள். சித்திரையில் ஒரு முறை, மீன்பிடித் தடைக்காலத்தில், கடைத்தெரு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். டிசம்பர் விடுமுறையில் மட்டும் பார்த்தால் எல்லா ஊரும் நல்ல ஊர்தான். முதல் வருடம் ஒத்திக்குப் பணம் கொடுக்க வேண்டாம், மாத வாடகைக்கே இருங்கள். ஒத்திப் பணம் வீட்டுக்காரரிடம் மாட்டிக்கொண்டால் வேலை மாறும்போது கையும் காலும் கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடும். வாடகை ஒப்பந்தத்தை எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டு, தண்ணீர், மின்மீட்டர், வண்டி நிறுத்தும் இடம் மூன்றையும் அதிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.